ஜோசியர் விற்ற கேமரா

என் அக்காவின் கணவருக்கு ஜோசியர் என்று பட்டப்பெயர் வைத்தவன் நான்தான். அதற்காக நான் வருத்தப்படவில்லை. வருத்தப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது. அதைச் சொல்ல நாலு வருடமாக வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அத்தானுக்குக் கைரேகையும் தெரியாது, கட்டமும் தெரியாது. அடுத்த வருடம் எந்தக் கம்பெனி என்ன லென்ஸ் விடப்போகிறது, எந்த சினிமா கேமராவுக்குத் தம்பி பிறக்கப்போகிறது என்று மட்டும் சொல்வார். வாய்க்கு வந்தபடி சொல்ல மாட்டார். கம்பெனிகள் காப்புரிமைக்காகப் பதிந்துவைக்கும் லென்ஸ் வரைபடங்களைத் தேடிப் படிப்பார். வயர்லெஸ் சாதனங்களுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகப் பட்டியலில் புதிதாக ஒரு எண் ஏறியிருந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. எங்கேயோ ஒரு கடையில் ஒரு லென்ஸ் விலை திடீரென்று இறங்கினால், "பழசைத் தள்ளிவிடறான். புதுசு ரெண்டே மாசத்துல" என்பார். பத்துக்கு ஆறு பலிக்கும். பலிக்காத நாலைப் பற்றிக் கேட்டால், "தள்ளிப் போட்டிருக்கான்" என்பார். எந்த ஜோசியர்தான் தோற்றிருக்கிறார்.

வெளிவராத கேமராவின் படம் என்று இணையத்தில் ஏதாவது கசிந்தால் அவர் வேறு ஆளாகிவிடுவார். அதைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, லென்ஸ் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைத்தான் முதலில் பார்ப்பார். என்ன ஜன்னல், என்ன விளக்கு, எடுத்தவன் நிற்கிறானா உட்கார்ந்திருக்கிறானா என்று. "பொருளை நம்பாதே மாப்ளே, பிம்பத்தைப் பாரு" என்பது அவருடைய பாடம். நான் ஒருநாளும் அதைக் கேட்டு எழுதிக்கொண்டதில்லை. எழுதியிருந்தால் என் திருட்டைக் கொஞ்சம் ஒழுங்காகச் செய்திருப்பேன்.

நான் கேமரா ரிப்பேர் செய்கிறவன். பத்தடிக்குப் பன்னிரண்டடி கடை. ஒரு மேஜை, அதன்மேல் பச்சை ரப்பர் விரிப்பு, நாலு ஸ்டூல், தெருப்பக்கம் கம்பி வளைந்த ஒரு ஜன்னல். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் நாலு ஸ்டூலிலும் ஆள் இருப்பார்கள். எதிர் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் அளவுப் படம் மட்டுமே எடுக்கும் ஒருவர், அவருக்குப் பெயரே பாஸ்போர்ட். கல்யாண வீடியோ எடுக்கும் நெட்டை, ஆறடிக்கு மேல் உயரம், பேச்சு அரையடிதான். அப்புறம் அத்தான். நாலாவது ஸ்டூலில் அன்றைக்கு யார் கேமரா கெட்டுப்போனதோ அவர்.

சொந்தமாக வைத்திருக்கும் லென்ஸைப் பற்றி ஒருவரும் பேச மாட்டார்கள். பேச்செல்லாம் வரப்போகிறதைப் பற்றித்தான்.

"எண்பத்தஞ்சு எம்.எம். லென்ஸ் புதுசு வருதாம். எடை பாதியாம்" என்பார் பாஸ்போர்ட்.

"பாதின்னா? கண்ணாடிய எடுத்துட்டுக் காத்தை அடைச்சிருக்கானா?" என்பேன் நான்.

"நீ சும்மா இரு. ஜோசியரே, நீங்க சொல்லுங்க."

அத்தான் சொல்லுவார். இருபது வருடமாக ஒரே வெள்ளைச் சுவர் முன்னால், ஒரே லென்ஸில், ஒரே தூரத்தில் ஆளை உட்காரவைத்துப் படம் எடுக்கும் பாஸ்போர்ட் அதைக் கண் கொட்டாமல் கேட்பார். அவருக்கு எதற்குப் புது லென்ஸ் என்று கேட்டால் சண்டை வரும்.

இவ்வளவு கேலி செய்கிறேனே, அத்தானின் கை நல்ல கை. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நாக்கு அழுகிவிடும். பத்தொன்பது வயதில் பள்ளிக்கூடங்களில் வகுப்பு வகுப்பாக நிற்கவைத்துப் படம் எடுத்து ஆரம்பித்தவர். அப்புறம் தொழிற்சாலைகளில் அடையாள அட்டைக்கு முகம் முகமாக எடுத்தார். அப்புறம் இருபத்தைந்து வருடம் கல்யாணம். மேடைக்கு முன்னால் முட்டி போட்டு முட்டி போட்டு வலது முட்டி போய்விட்டது. ஆனால் ஒரு முகத்தில் வெளிச்சம் எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்த மாதிரி எனக்குத் தெரிந்த ஒருவருக்கும் தெரியாது. ஜன்னலை அரையடி மூடிவிட்டு, "இப்ப பாரு" என்பார். பார்த்தால் வேறு முகமாக இருக்கும்.

அவருக்கு ஆசை சினிமா. நாற்பத்தாறு வயதில் பழைய சினிமா கேமரா ஒன்றை வாங்கினார். என் அக்கா மருந்துக்கடையில் காலையிலிருந்து இரவுவரை நின்று விற்கிறவள். கணுக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். அந்தக் கால் சம்பாதித்தது பாதி அந்தக் கேமராவில் இருந்தது. வாங்கிய அடுத்த வாரமே அத்தான் அதற்கு அடுத்தது எப்போது வரும் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். அக்கா அன்றைக்கே ஒரு பழமொழி சொன்னாள். "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி." எல்லோரும் சிரித்தோம்.

அஞ்சு வருடம் அந்தக் கேமரா கல்யாணத்துக்கும் கட்டில் மெத்தை விளம்பரத்துக்கும் போய்வந்தது. ஐம்பத்தோராவது வயதில் அத்தானுக்கு ஒரு படம் வந்தது. நாடகம் போடுகிற ஒரு அம்மா, மூடிக் கிடந்த காகித ஆலை ஒன்றில் முழுக் கதையும் நடப்பதாக எழுதியிருந்தார். ஆலையை இடிக்கத் தேதி குறித்துவிட்டார்கள். அதற்குள் நாற்பது நாள் எடுத்து முடித்துவிட வேண்டும். கையில் காசு கிடையாது. அதனால் ஒரே நிபந்தனை வைத்தார்: ஆளும் கேமராவும் சேர்ந்து வர வேண்டும், தனியாகக் கேமராவுக்கு வாடகை கொடுக்க முடியாது. அத்தான் எடுத்த ஒரு கல்யாண வீடியோவில் யாரோ ஒரு கிழவர் தனியாக உட்கார்ந்திருந்த காட்சியை அந்த அம்மா பார்த்திருக்கிறார். அதற்காகத்தான் அத்தானைத் தேடி வந்தார்.

அத்தான் அக்காவிடம், "இந்தப் படம் முடிஞ்சா இனிமே யார் மேடைக்கு முன்னாலயும் முட்டி போட மாட்டேன்" என்றார். மறுநாள் அக்கா அவருக்கு இரண்டு சட்டை வாங்கி வந்தாள், அழுக்குத் தெரியாத நிறத்தில். படப்பிடிப்பில் ஃபோகஸ் பார்க்க என்னையும் கூப்பிட்டுக்கொண்டார் அத்தான். ஆக அது எனக்கும் முதல் படம்.

படம் ஆரம்பிக்க ஏழு வாரம் இருக்கும்போது கடையில் ஒரு பேச்சு நடந்தது. புது சினிமா கேமரா வருமா வராதா என்று. வராது என்றேன் நான். பழைய மாடலில் எது தேய்கிறது, எது தேயவில்லை என்று எனக்குத் தெரியும், இன்னும் ரெண்டு வருடம் அவன் அதையே ஓட்டுவான் என்று காரணமும் சொன்னேன். அத்தான் சிரித்தார். எல்லோருக்கும் முன்னால், "ரிப்பேர்காரனுக்குச் செத்துப்போனதுதான் தெரியும் மாப்ளே. பொறக்கப்போறது எங்களுக்குத்தான் தெரியும்" என்றார். பாஸ்போர்ட் தொடையில் தட்டிச் சிரித்தார். நெட்டைகூடச் சிரித்தார்.

இவ்வளவுதான் நடந்தது. இதற்கு யாராவது பழிவாங்குவார்களா? நான் வாங்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு ஒரு கேமராவைச் செய்தேன். செத்த கேமரா ஒன்றின் உடம்பு. பழைய கம்ப்யூட்டர் விசிறியின் மூடி. நில அளவைக் கருவி ஒன்றிலிருந்து கழற்றிய கைப்பிடி. முன்னால் ஒரு நல்ல லென்ஸ். அத்தான் அதுவரை சொன்ன ஜோசியத்தையெல்லாம் நினைவில் வைத்துச் செய்தேன்: சூட்டைத் தணிக்கும் விசிறி இடது பக்கம் போகும் என்றிருந்தார், இடது பக்கம் வைத்தேன். மேலே மைக் சொருக இரண்டு ஒலி நுழைவு வரும் என்றிருந்தார், இரண்டு ஓட்டை போட்டேன். மேஜை விரிப்பு தெரியக் கூடாது என்று வெள்ளைத் துணி விரித்தேன். செல்போனைக் கொஞ்சம் ஆட்டிப் படம் எடுத்தேன். ஆட்டாமல் எடுத்தால் நம்ப மாட்டார்கள். வாடிக்கையாளர் மூக்கு நுனியில் மயிரளவு ஃபோகஸ் போனாலும் தூக்கத்தைத் தொலைக்கும் இந்தக் கூட்டம், கசிந்த படம் என்றால் மட்டும் மங்கலாக இருந்தால்தான் நம்பும்.

கேமராக்காரர்கள் கூடும் இணையக் குழுவில் ஒரு பொய்ப் பெயரில் போட்டேன். ஒரு நாள் சிரித்துவிட்டு, அடுத்த நாள் பொம்மையை மேஜைமேல் வைத்து அத்தானின் முகத்தைப் பார்க்கலாம் என்பதுதான் திட்டம்.

அடுத்த நாள் காலையில் அது வேறு இரண்டு தளங்களில் வந்திருந்தது. ஒருவன் "எங்களுக்கும் செய்தி உண்டு" என்று எழுதினான். இன்னொருவன் எடை எவ்வளவு என்றே எழுதிவிட்டான். என் பொம்மையை நான் எடை போட்டதே இல்லை. அத்தான் கடைக்குள் ஓடிவந்தார்.

"மூணு இடத்துல வந்துடுச்சு மாப்ளே. மூணும் தனித்தனி ஆளு. இடது பக்கம் விசிறி. நான் சொன்னேனா இல்லையா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். பொம்மை மேஜைக்கு அடியில் அட்டைப்பெட்டியில்தான் இருந்தது. ஆனால் பாஸ்போர்ட் எழுந்து அத்தானின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். சிரிப்பு இன்னும் ஒரு நாள் பெரிதாகட்டும் என்று விட்டேன்.

ஒரு வாரத்தில் அத்தான் ஒரு கணக்குப் போட்டார். இந்தத் தொழிலில் இருக்கிறவன் மட்டும்தான் அப்படி ஒரு கணக்குப் போடுவான். மூன்று வாரத்தில் கம்பெனி மேடையேறிப் புதுசை அறிவிக்கும். அறிவித்த நிமிஷமே பழைய கேமராவின் விலை பாதியாகும். அதனால் முன்னாலேயே விற்றுவிட வேண்டும். அந்தப் பணத்தை முன்பதிவுக்குக் கட்டினால் முதல் பெட்டியே தனக்கு வரும். படம் ஆரம்பிக்கும்போது ஊரிலேயே யாரிடமும் இல்லாத கேமராவோடு போய் இறங்கலாம்.

அக்கா கேட்டாள். "வராட்டி?"

"வரும். நாள்கூடத் தெரியும்."

"கையில இருக்கறதை வித்துட்டு வரப்போறதை நம்பி உக்காரணுமா?"

"உனக்கு மருந்து தெரியும், எனக்கு இது தெரியும்."

வாங்க வந்தவர் நெட்டை. பேசவே பேசாத மனிதர், "நான் எடுத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார். கொடுக்கும் முன்னால் சுத்தம் செய்துதரச் சொல்லி அத்தான் கேமராவை என்னிடம்தான் கொண்டுவந்தார். நான்தான் அதைத் திறந்தேன். நான்தான் படம் பதியும் சென்சாரைத் துடைத்தேன். இருட்டில் சோதனைப் படம் எடுத்துப் பார்த்தபோது இடது மேல் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. சென்சாரில் ஒரே ஒரு புள்ளி செத்திருந்தது, வெளிச்சத்தில் தெரியாது, இருட்டுக் காட்சியில் மட்டும் தெரியும்.

"அது எனக்குத் தெரியும். கடைசியில எடிட்டிங்ல துடைச்சுக்கலாம். என் மச்சம் மாதிரி அது" என்றார் அத்தான்.

நெட்டை வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். சொல்லு, சொல்லு என்று உள்ளே அடித்துக்கொண்டது. துடைத்த துணியை மடித்துவைத்தேன். பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் செய்த பொம்மையை நானே பாதி நம்பத் தொடங்கியிருந்தேன். ஊரே வருகிறது என்கிறது, வந்தாலும் வரும், வந்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை என்று நினைத்தேன். கேமராவைப் பைக்குள் வைத்து நானே ஜிப்பை இழுத்து மூடினேன்.

அறிவிப்பு நாளன்று கடையில் நாலு ஸ்டூலும் போதவில்லை. அத்தான் புதுச் சட்டையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கம்ப்யூட்டரில் கம்பெனிக்காரன் மேடையேறினான். முதலில் ஒரு தோள்பட்டை வாரைக் காட்டினான். அப்புறம் ஒரு சின்ன லென்ஸ். அப்புறம் அத்தானிடம் இருந்த அதே பழைய கேமராவைக் காட்டி, இதற்குப் புது மென்பொருள் இலவசமாகத் தருகிறோம், இனி இது இருட்டிலும் முன்னைவிட நன்றாகப் பார்க்கும், இன்னும் மூன்று வருடம் இதுதான் எங்கள் கேமரா என்றான். வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

பாஸ்போர்ட் மட்டும், "தள்ளிப் போட்டிருப்பான்" என்றார். அத்தான் என் ஜன்னலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் நெட்டை வீட்டுக்கு நாங்கள் இருவரும் போனோம். விற்ற பணத்துக்கு அதே மாதிரி இன்னொன்று ஊரில் எங்கும் கிடைக்காது. திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார் அத்தான். கூடுதலாகத் தருகிறேன் என்றார். நாற்பது நாளைக்காவது கொடுங்கள் என்றார்.

நெட்டை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்த அம்மா நேத்தே போன் பண்ணிட்டாங்க, ஜோசியரே. நீங்க வித்தது அவங்க காதுக்குப் போயிருக்கு, கேமரா இப்ப யார்கிட்ட இருக்குன்னு கேட்டாங்க. நானே வரேன்னு சொல்லிட்டேன்."

அத்தான் அந்த அம்மாவிடமும் போய்க் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. "சார், நான் உங்களைத்தான் நினைச்சிருந்தேன். ஆனா சுவரு எனக்காக நிக்காது. இடிக்கறவன் வந்துடுவான்" என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

ஃபோகஸ் பார்க்க நானும் போகவில்லை. அதற்கப்புறம் அத்தான் ஒரு சின்ன கேமரா வாங்கிக் கல்யாணத்துக்கே திரும்பிப் போனார். முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு முட்டி போடுகிறார். கடைக்கு வருவார், ஸ்டூலில் உட்காருவார். என்ன வரப்போகுது ஜோசியரே என்று யாராவது கேட்டால், "தெரியல" என்பார். அக்கா மட்டும் விடுவதில்லை. ஆத்திரம் வரும்போதெல்லாம் அந்தப் பல்லிப் பழமொழியை எடுப்பாள். முன்பு அதில் சிரிப்பு இருந்தது. இப்போது இல்லை. அவள் கால் வலித்தால் அவர் அதைக் கேட்க வேண்டும், மழையில் துணி நனைந்தால் அவர் கேட்க வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து, திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி, வலியை வெளியே காட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன மாதம் அந்தப் படம் தியேட்டருக்கு வந்தது. எடுத்து முடித்து, விற்க ஆள் கிடைக்க இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. "வா மாப்ளே, போய்ப் பாத்துட்டு வருவோம்" என்று அத்தான் கூப்பிட்டார். பகல் காட்சி. மொத்தம் பதினைந்து பேர் இருந்திருப்போம்.

படம் நன்றாகத்தான் இருந்தது. நெட்டையும் மோசமாக எடுக்கவில்லை. சில இடங்களில் அத்தான், "ஜன்னலை அரையடி மூடியிருக்கணும்" என்று முணுமுணுத்தார். கதையின் கடைசியில் ஆலைக்குள் விளக்கெல்லாம் அணைகிறது. ஒரு பெண் இருட்டில் நடந்து போகிறாள். அத்தான் என் கையைத் தொட்டார்.

"இடது மூலை, மேல."

பார்த்தேன். அவ்வளவு பெரிய திரையில் சிவப்பாக ஒரு புள்ளி. துடைக்க மறந்திருக்கிறார்கள். எங்கள் இருவரைத் தவிர அங்கே ஒருவருக்கும் அது தெரிந்திருக்காது. அந்தப் பெண் நடந்து முடிக்கும்வரை அத்தான் அவளைப் பார்க்கவே இல்லை, புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்து வெயிலில் நடந்தோம். என்னால் தாங்க முடியவில்லை. "அத்தான், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

"வேணாம். தெரியும்."

நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை, நான்தான் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"உன் ஜன்னல்ல மூணாவது கம்பி வளைஞ்சிருக்கும்ல? அந்தப் படத்துல லென்ஸ் கண்ணாடியில அது தெரியும். சின்னதா, தலைகீழா."

"எப்ப பாத்தீங்க?"

"வந்த அன்னைக்கே பெருசாக்கிப் பாத்தேன். ஜன்னல் தெரிஞ்சுது. யாரு ஜன்னல்னு பாக்க மனசு வரல. அந்தக் கேமரா வரணும்னு இருந்துச்சு எனக்கு. அறிவிப்பு அன்னைக்கு உன் கடையில உக்காந்து நிமிர்ந்து பாத்தேன். அப்பத்தான் புரிஞ்சுது."

"ஏன் அத்தான் கேக்கல? நாலு வருஷம். அக்காகிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அவ உன் முகத்துல முழிக்க மாட்டா. அவளுக்குப் பொறந்த வீடுன்னு இருக்கறது நீ ஒருத்தன்தான். என்னைத் திட்டினாலும் மறுவேளைக்குச் சோறு போட்டுடுவா. உன்னை மன்னிக்க மாட்டா." கொஞ்சதூரம் போய்ச் சொன்னார்: "வித்தது நான்தானே."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டில் அக்கா சாப்பாடு எடுத்துவைத்திருந்தாள். அன்று அவளுக்கு வார விடுமுறை. காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு பரிமாறினாள். "படம் எப்படி?" என்று கேட்டாள்.

"நல்லா இருந்துச்சு" என்றார் அத்தான்.

"நல்லாத்தான் இருக்கும். எவன் கேமராவோ எவன் பேரையோ போட்டுக்குது." என் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே பழமொழியை ஆரம்பித்தாள். முழுதாகச் சொல்லி முடித்தாள். பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்தது. அத்தான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். "என்னடா, முன்னெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பே? ஜோசியர்னு நீ வெச்ச பேருதானே?"

அத்தான் தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். சிரி என்று கண்ணால் சொன்னார்.

சிரித்தேன்.